கழுத்து பதினாறு

பாலிதீன் பைக்குள் மடங்கிக் கிடந்த சாம்பல் நிறச் சட்டையைப் பார்த்த மாத்திரத்தில் கத்தரிப்பூவின் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக விலகியது. தான் தைத்த சட்டையை அடையாளம் காண ஒரு தையல்காரிக்கு லேபிளா வேண்டும்? காலர் நிற்கிற நிற்பு போதும். அவள் தைத்த சட்டைதான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"இங்க முதலாளி யாரு?"

அந்தத் தையல் கூடத்தில் ஏழு மெஷின்கள், ஏழு பெண்கள். காவலாளி, கண்டக்டர், ஆஸ்பத்திரி ஆயா என்று யூனிஃபார்ம் போடுகிற எல்லோருக்கும் அங்கே தைப்பார்கள். ஏழும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இப்போது ஏழும் நின்றுவிட்டன. மேலே ஃபேன் முனகுவது மட்டும் கேட்டது.

"முதலாளியம்மா துணி எடுக்கப் போயிருக்காங்க சார். நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் வருவாங்க. என்ன சமாச்சாரம்?"

பதில் சொன்னவள் காஜா அக்கா. பொத்தான் துளைக்குத்தான் காஜா என்று பெயர். அந்தக் கூடத்தில் எந்தச் சட்டையாக இருந்தாலும் காஜா அடிப்பவள் அவள் ஒருத்திதான். பல்லிடுக்கில் நூலைக் கவ்விக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், சண்டையும் போடுவாள். அவளைப் பேசவிட்டுவிட்டு மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வது வழக்கம்.

"மருந்துக் கிடங்குல போன வாரம் திருடு போச்சு, தெரியுமா?"

"பேப்பர்ல பாத்தோம் சார்."

"பட்டப்பகல்ல ஒருத்தன் காவலாளி மாதிரி சட்டை போட்டுக்கிட்டு உள்ள போயிருக்கான். ஷிஃப்ட் மாத்த வந்த ஆளுன்னு நினைச்சு விட்டுட்டாங்க. நிஜமான காவலாளி சந்தேகப்பட்டுக் கேட்டிருக்காரு. கம்பியால ஒரே போடு. தலைல ஒன்பது தையல். இன்னும் கண்ணைத் தொறக்கல. பெட்டி பெட்டியா மருந்து போயிடுச்சு. சட்டைய பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைல கழட்டிப் போட்டுட்டு ஆள் கம்பி நீட்டிட்டான்."

'ஒன்பது தையல்' என்றதும் ஏழு பெண்களும் ஒரு சேர உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். தையல் என்றால் எப்படி வலிக்கும் என்று துணிக்குத் தெரியாது. விரலில் ஊசி ஏறியவர்களுக்குத் தெரியும்.

"போட்டவனை எப்படியும் பிடிச்சிடுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு வேண்டியது இதைத் தைச்சுக் குடுத்த ஆளு. அந்த அக்காம்ப்ளிஸ்."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் கண் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கத்தரிப்பூவின் மேல் ஒரு நொடி நின்றது போலவும் இருந்தது, நிற்காதது போலவும் இருந்தது. அவள் நூல் சுற்றிய பாபினை மாற்றுவது போல மெஷினுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

"ஏ பொண்ணு, சாருக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள் காஜா அக்கா.

கத்தரிப்பூ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் பாதி வழியிலேயே அவள் பாவாடையில் கொட்டிவிட்டது. இன்ஸ்பெக்டர் மீதியைக் குடித்துவிட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அக்கா, அக்காம்ப்ளிஸ்னா என்னக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"யாருக்குத் தெரியும்? ஏதோ வயித்துப்போக்குக்குக் குடுக்கற மாத்திரை பேரு மாதிரி இருக்கு. மருந்துக் கிடங்குல அதுவும் காணாமப் போயிருக்கும்" என்றாள் காஜா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கத்தரிப்பூவும் வாயை மட்டும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கத்தரிப்பூ என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பிழையோடு ஒரு சட்டை திரும்பி வந்தால் முதலாளியம்மா கையில் அகப்பட்டவளைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்குவாள். அதனால் ஏழு பேரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சட்டையின் பக்கத் தையல் முடிகிற இடத்தில், கீழ் மடிப்புக்கு உள்ளே, ஒவ்வொருத்தியும் தனக்கென்று வைத்திருக்கும் நிறத்தில் மூன்று தையல் போட்டுவிடுவாள். மடிப்பைப் பிரித்தால் ஒழிய கண்ணுக்குத் தெரியாது. சட்டை திரும்பி வந்தால் சத்தமில்லாமல் மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள், யார் கை என்று தெரிந்ததும் அவளே சரி செய்துவிடுவாள். முதலாளியம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. நிறமே நாளடைவில் பெயரும் ஆகிவிட்டது. கிளிப்பச்சை, எலுமிச்சை, செங்கல், மயில் கழுத்து. இவளுக்குக் கத்தரிப்பூ. காஜா அக்காவுக்கு மட்டும் நிறமில்லை, அவள் அடிக்கும் காஜாவே அவளுக்குப் பெயர்.

அந்தச் சாம்பல் சட்டையின் மடிப்புக்குள்ளும் மூன்று தையல் இருந்தது.

திருட்டுத்தனமாகத் தைத்த சட்டையில் எந்தப் பைத்தியமாவது தன் அடையாளத்தைப் போடுமா? போட்டிருக்கிறாள். வேண்டுமென்று போடவில்லை. ஐந்து வருஷமாக ஒவ்வொரு சட்டையிலும் போட்டுப் போட்டுப் பழகிய கை. பக்கத் தையல் முடிந்ததும் நூல் கண்டை மாற்றி, மூன்று தையல் போட்டு, மறுபடி மாற்றிவிட்டது. மூளையைக் கேட்கவேயில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் கணவன்தான் அந்தச் சட்டையைக் கேட்டான். மருந்துக் கிடங்குக்குச் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. "சின்னவளே, காவலாளி வேலை ஒண்ணு கிடைச்ச மாதிரி இருக்கு. கம்பெனி யூனிஃபார்ம் வர ஒரு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள போட்டுக்க ஒண்ணு தைச்சுக் குடேன். உங்க அக்காகிட்ட இப்ப சொல்லாத. வேலை உறுதியானதும் நானே சொல்றேன்" என்றான். அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். தோளில் தைக்கிற பேட்ச் ஒன்றும் வேண்டும் என்றான். அவள் தயங்கினாள். பிறகு, எழுத்து கோணலாக விழுந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்த பேட்ச் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். மிச்சத் துணியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாலே நாளில் சட்டை தயார்.

அந்தச் சீட்டில் கழுத்து பதினாறு என்று இருந்தது. அதைப் பற்றி அவள் அன்றும் நினைக்கவில்லை. இன்றும் நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தாள்.

மாலை வீட்டுக்குப் போனபோது அக்கா முன்னறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அக்கா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தங்கை ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள். எழுந்து நின்று பாடம் வாசி என்றால் அவளுக்குக் குரல் எழும்பாது. வகுப்பே சிரிக்கும். ஒருநாள் கீழே வைத்த புத்தகப் பையை மறுபடி அவள் எடுக்கவேயில்லை. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அக்காதான் அடிக்காமல் திட்டாமல் அவளைத் தையல் கூடத்தில் சேர்த்துவிட்டாள்.

"அக்கா. அக்காம்ப்ளிஸ்னா என்ன?"

அக்கா தலையைத் தூக்கவில்லை. "குத்தத்துக்குத் துணை போறவன். கூட்டாளி."

"கடைல ரெண்டு பேர் சேந்து வியாபாரம் பண்ணா, அவங்களையும் அப்படிச் சொல்லலாமா?"

"சொன்னா செருப்படி விழும். அதுக்கு பார்ட்னர்னு சொல்லணும். நல்ல காரியத்துக்குச் சேர்றவங்களுக்கு இந்த வார்த்தை வராது. ஒருத்தன் வீடு கட்டறான், நீ செங்கல் எடுத்துக் குடுக்கற, அப்ப நீ அக்காம்ப்ளிஸ் இல்ல. அதே வீட்டுச் சுவரை ஒருத்தன் ஏறிக் குதிக்கறான், நீ தோள் குடுக்கற, அப்ப நீ அக்காம்ப்ளிஸ்." சிவப்புப் பேனா ஒரு தப்பைச் சுழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனது.

"தோள் குடுத்தவ உள்ள போகவே இல்லையே அக்கா. வெளியதானே நின்னா."

"வெளிய நின்னாலும்தான். திருடினவன் ஒருத்தன், துணை போனவ ஒருத்தி. கேஸ் ஒண்ணுதான்."

"எதுக்கு ஏறறான்னு அவளுக்குத் தெரியலைன்னா?"

"அப்ப இல்ல. தெரிஞ்சு செய்யணும். அந்த வார்த்தைக்கு உயிரே அதுலதான் இருக்கு. தெரியாம உதவினவ ஏமாந்தவ. தெரிஞ்சு உதவினவதான் அக்காம்ப்ளிஸ்."

கத்தரிப்பூவுக்கு மூச்சு வந்தது. பிறகு, வந்த மூச்சு பாதியில் நின்றது. "கொஞ்சமா தெரிஞ்சிருந்தா?"

சிவப்புப் பேனா தாளின் மேல் நின்றது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் தங்கையையும், பிறகு உள்ளறைக் கதவையும் பார்த்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தாள்.

"என்ன, டியூஷன் நடக்குதா?" கதவைத் திறந்துகொண்டு அக்காவின் கணவன் வந்தான். துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தான். "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர். என்ன வார்த்தை?"

"அக்காம்ப்ளிஸ்" என்றாள் அக்கா.

"ஓ, எனக்குத் தெரியுமே. நீ எனக்குச் சக்கரை ஆகாதுன்னு டப்பாவை ஒளிச்சு வைக்கற. இந்தச் சின்னவ உனக்குத் தெரியாம எடுத்துக் குடுக்கறா. அப்ப என் மச்சினிச்சி எனக்கு அக்காம்ப்ளிஸ். சரியா?"

"விளையாட்டுக்கு அப்படியும் சொல்லலாம்" என்றாள் அக்கா. ஆனால் சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணை எடுக்காமல் கத்தரிப்பூவைப் பார்த்தான். அவள் கழுத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. துண்டு சுற்றிய அந்தக் கழுத்து பதினாலரை. நூல் பிடித்து அளக்கத் தேவையில்லை, அவள் கண்ணே டேப். போன தீபாவளி, பொங்கல் என்று கணக்கில்லாமல் அவனுக்கு எத்தனை சட்டை தைத்திருப்பாள். எல்லாம் பதினாலரை.

அடுப்படியில் அவள் பாத்திரம் துலக்கும்போது அவன் பின்னால் வந்து நின்றான். குழாயை இன்னும் கொஞ்சம் திருகித் தண்ணீர்ச் சத்தத்தைக் கூட்டினான்.

"போலீஸ் வந்துச்சாமே."

"ம்."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"அந்த ஆளு அடிப்பான்னு எனக்கே தெரியாது. சத்தியமா. சரி, அது போகட்டும். நீ வாயத் தொறந்தா முதல்ல உள்ள போறது யாரு? துணி எடுத்தது யாரு, பேட்ச் எடுத்தது யாரு? நானா?" அவன் குரல் மாவு மாதிரி மென்மையாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "உங்க அக்காவோட வேலை என்ன ஆகும்? திருடன் பொண்டாட்டிகிட்ட எவன் பிள்ளையைப் படிக்க அனுப்புவான்? சட்டைல உன் அடையாளம் எதுவும் இல்லையே?"

அவள் தண்ணீரைப் பார்த்தபடி, "எல்லாச் சட்டையும் ஒரே மாதிரிதான் மாமா" என்றாள்.

"சமத்து" என்று அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனான். தட்டிய இடம் விடிகிறவரை குறுகுறுத்தது.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே முதலாளியம்மா வந்துவிட்டாள். பத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பைக்குள்ளிருந்த சட்டையை எடுத்து வெட்டு மேசையில் விரித்தார். முதலாளியம்மா புருவத்தைச் சுருக்கி லேபிளைத் தேடினாள்.

"எங்க லேபிள் இல்லைங்க. இந்த மாதிரி துணி ஊர்ல எந்தக் கடைலயும் கிடைக்கும்."

"பேட்ச் உங்களோடதுதானே?"

"அதை யாரு வேணா பாத்துப் பின்னலாம்."

கத்தரிப்பூவுக்கு உடம்பு லேசானது. இன்னும் ஐந்து நிமிஷம். பேசி முடிந்து இவர் போய்விட்டால் போதும். மடிப்பை யாரும் பிரிக்கப் போவதில்லை. அதற்குள் நூல் இருப்பது தெரிந்த ஆறு பேரும் மூச்சு விடப் போவதில்லை.

"உங்க சட்டை ஒண்ணு குடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். புதுச் சட்டை ஒன்றை வாங்கி, சாம்பல் சட்டைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விரல் ஒரு காஜாவின் மேல் நின்றது. பிறகு அடுத்த சட்டையின் காஜாவுக்குத் தாவியது. "இதென்ன, ஒவ்வொரு துளைக்கும் கீழ்முனைல கையால போட்ட மாதிரி ஒரு குறுக்குத் தையல்?"

முதலாளியம்மாவுக்கு முகம் வெளுத்தது. பயந்தவள் வாய் எப்போதும் அவளுக்கு முன்னால் ஓடும். "எங்க காஜா மெஷின் கத்தி ஒரு பக்கம் மழுங்கிடுச்சுங்க. பிசிறு நிக்கும். அதுக்காக இவ கையால ஒரு தையல் போட்டுக் கட்டுவா…" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்தினாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீதானே நேத்து வாய் ஓயாமப் பேசின? இந்தச் சட்டைக்குக் காஜா அடிச்சது நீயா?"

"ஒரு நாளைக்கு நூறு சட்டைக்கு அடிக்கறேன் சார். எது யாருக்குன்னு ஜாதகமா பாக்க முடியும்?"

"விளையாடாத. யாரு கொண்டுவந்து குடுத்தாங்க?"

"ஞாபகம் இல்ல சார்."

"காவலாளி நேத்து ராத்திரி ஒரு தடவை கண்ணைத் தொறந்து மறுபடி மூடிட்டாரு. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கொலைக் கேஸ். தெரிஞ்சும் சொல்லாம மறைச்சா நீயும் அதுல ஒரு ஆளுதான். ஜீப்புல ஏறினா ஞாபகம் வருமா?"

காஜா அக்கா கீழே பார்த்துக்கொண்டு நூலைப் பல்லால் கடித்தாள். கத்தரிப்பூ இருக்கிற திசையில் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

'என் மாமாவுக்கு ஒரு சட்டைக்கா, ஆறு காஜா அடிச்சுக் குடு' என்று கத்தரிப்பூதான் அன்று மதியம் அவளிடம் நீட்டினாள். அவளுக்கு அது மறக்கவா மறக்கும்? நேற்று இன்ஸ்பெக்டர் பையைத் தூக்கிக் காட்டிய போதே தன் குறுக்குத் தையலைப் பார்த்திருப்பாள். அதனால்தான் 'ஏ பொண்ணு' என்று கூப்பிட்டிருக்கிறாள். ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவள் வாயிலிருந்து 'கத்தரிப்பூ' தவிர வேறு பெயர் வந்ததில்லை. போலீஸ் காதில் அந்த நிறம் விழக்கூடாது என்று விழுங்கியிருக்கிறாள். அவர் போனபிறகு மாத்திரை என்று ஜோக் அடித்ததும் இவள் முகத்தை யாரும் கவனிக்காமல் இருக்கத்தான்.

நேற்று வரை காஜா அக்கா எதுவும் தெரியாமல் உதவியவள். ஏமாந்தவள். இன்றைக்குத் தெரிந்தே மறைக்கிறாள். அக்கா சொன்ன அந்த வார்த்தை, மேசையைத் தாண்டி, காஜா அக்காவின் தலையில் போய் உட்காரப் பார்த்தது.

"எழுந்திரும்மா, போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாற்காலி கரகரவென்று இழுபட்டது. எழுந்தவள் கத்தரிப்பூ. எழுந்துவிட்டாளே தவிர, ஒன்பதாம் வகுப்பில் நின்ற அதே மாதிரி, குரல் தொண்டையோடு நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. அவள் மேசைக்கு நடந்தாள். நூல் பிரிக்கிற சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"ஏய், அதைத் தொடாத!"

கத்தரியைக் கீழே வைத்தாள். விரலால் மட்டும் காட்டினாள். "அங்க… அந்த மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க சார். உள்ள கத்தரிப்பூ நிறத்துல மூணு தையல் இருக்கும். அது என்னோடது."

"அடிப்பாவி" என்றாள் காஜா அக்கா. "நான்தான் சமாளிச்சிட்டிருந்தேன்ல! உனக்கெதுக்குடி இப்ப திடீர்னு வாய் முளைச்சுது?" சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டரே மடிப்பைப் பிரித்தார். மூன்று தையல், நேற்றுப் போட்டது போல, நிறம் மங்காமல் இருந்தது. முதலாளியம்மா 'இதென்ன கூத்து' என்பது போல ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்குத் தைச்ச?"

"எங்க அக்கா வீட்டுக்காரர் கேட்டாரு."

"அவர் போட்டுக்கவா?"

இதோ, இந்த இடம்தான். ஆமாம், அவருக்குத்தான், வேலை கிடைத்தது என்றார், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஏமாந்தவள் ஆகிவிடலாம். அதை மறுக்கக்கூடியது உலகத்தில் ஒரே ஒரு டேப்தான். அது அவள் கண்.

"கழுத்து பதினாறுன்னு எழுதிக் குடுத்தாரு சார். அவருக்குப் பதினாலரை. சீட்டைப் பாத்தப்பவே இது அவருக்கு இல்லைன்னு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா மிச்சமும் தெரிஞ்சுடும்னுதான் கேக்கல."

இன்ஸ்பெக்டர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வெளியே ஜீப் நின்றது. அதன் பின் கதவு திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. கால்தான் நகரவில்லை.

"சார்."

"என்ன?"

"எங்க அக்காவுக்கு எதுவுமே தெரியாது. முதல்ல அதை எழுதிக்குங்க."

அவர் எழுதினார். பேனா தாளில் ஓடுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் ஒரு சிவப்புப் பேனா நடுவரியில் நின்றதும், அக்கா நிமிர்ந்து உள்ளறைக் கதவைப் பார்த்ததும் கண்ணுக்குள் அப்படியே இருந்தன. அக்காவுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்ததா என்று அவள் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை.